சீட்டை இறக்கினால் முழங்கால் வலி போகுமா?

கேள்வி: வயது 58. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், திருச்சிக்காரன். உயரம் 163 செ.மீ. கழுத்து எலும்புத் தேய்மானத்தால் குனிந்து சைக்கிள் ஓட்ட முடியாமல் போனது. ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு ஜெர்மன் இன்ஜினியரிடம் பழைய ரிக்கம்பென்ட் சைக்கிள் (சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி ஓட்டுவது) ஒன்றை வாங்கினேன். இரண்டு சக்கரமும் 26 இன்ச். கழுத்து வலி போயே போச்சு. ஆனால் முழங்கால் சில்லுக்கு முன்னால் வலி வந்துவிட்டது. முக்கொம்பு வரை போய்த் திரும்பினால் இரண்டு நாளைக்கு மாடிப்படி இறங்க முடிவதில்லை. சிக்னலில் நுனிக்காலில்தான் நிற்கிறேன். ஒருமுறை சாய்ந்து விழுந்தும்விட்டேன். முன்பு ஓட்டியவர் ஆறடிக்கு மேல் என்பதால் பூமை (பெடல் பொருத்தியிருக்கும் முன்குழாய்) உள்ளே போகிற வரைக்கும் தள்ளிவிட்டேன். கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) 170 மி.மீ. என்று போட்டிருக்கிறது. சீட்டை எவ்வளவு இறக்க வேண்டும்? என் உயரத்துக்குக் கிராங்க் நீளமா? குட்டையாகப் போட்டால் வேகம் குறையுமா? பத்து கிலோமீட்டர் தாண்டினால் கால்விரல் மரத்துப் போவதற்கும் இதுதான் காரணமா?

பதில்:

சார், சீட்டை இறக்கினால் சிக்னலில் கால் ஊன்றும். அவ்வளவுதான். முழங்கால் வலி அதனால் போகாது. விரல் மரத்துப் போவது இன்னும் கொஞ்சம் கூடவும் செய்யலாம். அதனால் கடைசியாகத் தொட வேண்டிய இடம் சீட்டு.

நம் எல்லாருக்கும் சைக்கிள் என்றால் சீட்டு உயரம்தான் முதலில் நினைவுக்கு வரும். என் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒரு மணி நேர வாடகைக்கு வண்டி எடுக்க வருகிற பையனின் இடுப்பைக் கண்ணாலேயே அளந்து, ஸ்பேனரை எடுத்துச் சீட்டை இறக்கிக் கொடுப்பார். அதற்கும் எட்டாத பொடியன்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு போவார்கள். சாதாரண சைக்கிளில் பெடல் நமக்குக் கீழே இருக்கிறது. சீட்டு ஏறினால் கால் நீளும், இறங்கினால் மடங்கும். சீட்டு உயரமும் கால் அளவும் அங்கே ஒன்றுதான்.

உங்கள் வண்டியில் பெடல் முன்னால் இருக்கிறது. காலுக்கும் பெடலுக்கும் உள்ள தூரத்தை முடிவு செய்வது பூம் என்கிற அந்த முன்குழாய். தரைக்கும் காலுக்கும் உள்ள தூரத்தை முடிவு செய்வது சீட்டு. பெடல் நம் பக்கம் வரும்போது முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதில் கிராங்க் நீளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் வலியை ஆரம்பித்து வைத்தது, என் கணிப்பில், நீங்கள் முழுக்க உள்ளே தள்ளிய பூம்தான். கால் எட்டாமல் போய்விடுமோ என்ற பயத்தில் பெடலை மடிக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள்.

இந்த வண்டியில் முழங்கால் ஏன் சட்டென்று மாட்டிக்கொள்கிறது தெரியுமா? சாதாரண சைக்கிளில் உடம்பு எடைக்கு மேல் அழுத்தினால் நாம் சீட்டை விட்டு எழும்பிவிடுவோம். அதற்கு மேல் முழங்காலுக்குச் சுமை ஏறாது. ரிக்கம்பென்டில் முதுகுக்குப் பின்னால் சுவர் மாதிரி சீட்டு நிற்கிறது. ஜிம்மில் லெக் பிரஸ் செய்கிற மாதிரிதான். முதுகை முட்டுக் கொடுத்து எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளலாம். நன்றாக மடங்கிய முழங்காலை வைத்துக்கொண்டு, கனமான கியரில், மெதுவாக, ஓங்கித் தள்ளினால் அந்தச் சுமை முழுக்கச் சில்லுக்குப் பின்னால் போய் உட்காரும். சில்லுக்கு முன்புறம் வலித்தால் பெடல் கிட்டத்தில் இருக்கிறது, அல்லது கியர் கனம் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். முழங்காலின் பின்பக்கக் குழியிலோ குதிகால் நரம்பிலோ இழுத்தால் பெடல் தூரத்தில் இருக்கிறது. மாடிப்படி இறங்கும்போது வலிக்கிறது என்கிறீர்களே, அது முதல் வகையோடு நன்றாகப் பொருந்துகிறது.

முதலில் பூம். வீட்டில் யாரையாவது வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தச் செருப்பு, ஷூ போட்டு ஓட்டுவீர்களோ அதையே போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஸ்பாஞ்ச் சீட்டில் இருக்கட்டும். முதுகு நன்றாக ஒட்டியிருக்கட்டும். பெடலை மெதுவாகச் சுற்றி, உங்களுக்கு அதிகபட்சத் தூரத்தில் நிற்கிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். அது அடியிலும் இருக்காது, உச்சியிலும் இருக்காது. இடுப்பு மூட்டிலிருந்து கிராங்க் அச்சுக்கு ஒரு நூல் பிடித்து, அதை அப்படியே முன்னால் நீட்டினால் எங்கே போகுமோ, அங்கே. அந்த இடத்தில் குதிகாலைப் பெடலில் வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும். ஆனால் எட்டுவதற்காக இடுப்பு ஒரு பக்கம் இழுபடக் கூடாது. அப்புறம் வழக்கம்போல முன்பாதத்தைப் பெடலில் வைத்தால் முழங்காலில் 25 முதல் 30 டிகிரி மடிப்பு தானாகக் கிடைக்கும். இரண்டு காலிலும் செய்து பாருங்கள். ஒரு கால் அரை சென்டிமீட்டர் குட்டையாக இருப்பது சர்வசாதாரணம். குட்டைக் காலுக்குத் தக்கபடி பூமை வையுங்கள்.

பூமை நகர்த்துவதற்கு முன் இப்போது இருக்கிற இடத்தில் ஒரு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, 5 மி.மீ. 5 மி.மீ. ஆக வெளியே இழுங்கள். இழுக்கும்போது பூம் லேசாகத் திரும்பிவிடும். பின்னால் போய் நின்று, கிராங்க் அச்சு தரைக்கு மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஒரு முழங்கால் மட்டும் வலிக்கும்; காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். குழாயில் இதற்கு மேல் இழுக்காதே என்ற கோடு இருக்கும், அதைத் தாண்ட வேண்டாம். உங்கள் உயரத்துக்கு அந்தக் கோடு வரை போகவே வேண்டியிருக்காது.

இங்கேதான் செயின் வருகிறது. பூம் 1 செ.மீ. வெளியே போனால் செயின் 2 செ.மீ. கேட்கும், மேலே ஒரு ஓட்டம், கீழே ஒரு ஓட்டம் அல்லவா? நான் முதன்முதலில் ஒரு ரிக்கம்பென்டைத் தொட்டபோது இதை யோசிக்கவில்லை. 4 செ.மீ. இழுத்து இறுக்கிவிட்டு, ஆளை உட்காரவைத்து, பெரிய பல்லுக்கு கியரை மாற்றச் சொன்னேன். செயின் விறைத்து, பின் டிரெயிலியர் (கியர் மாற்றும் கருவி) அப்படியே முறுக்கிக்கொண்டு ஸ்போக்குக்குள் போய்விட்டது. என் கைக்காசுதான். நீங்கள் பூமை உள்ளே தள்ளியபோது யாராவது செயினை வெட்டிக் குறைத்திருந்தால் இப்போது இணைப்புகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒரு ஜோடி இணைப்பு 25.4 மி.மீ.; பூம் சுமார் 13 மி.மீ. நகர்ந்தால் ஒரு ஜோடி. வெட்டாமல் விட்டிருந்தால் தொங்குகிற செயின் தானாக இழுபட்டுவிடும். முன்னால் பெரிய வளையம், பின்னால் பெரிய பல், இரண்டும் சேர்ந்த நிலையில் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

பூம் சரியானதும் பத்து நாள் அப்படியே ஓட்டுங்கள். கியரை இலகுவாக வைத்து நிமிடத்துக்கு 80 சுற்றுக்குக் குறையாமல் மிதியுங்கள். பாதி வலி இதிலேயே போய்விடும் என்று நினைக்கிறேன். மீதிக்குத்தான் கிராங்க்.

கிராங்க் நீளம் என்பது அச்சின் நடுவிலிருந்து பெடல் அச்சின் நடுவரை. உங்கள் 170 சராசரி உயரமுள்ள ஐரோப்பியருக்கு நிமிர்ந்த சைக்கிளில் போடுகிற அளவு. ரிக்கம்பென்டுக்கென்று தனிக் கிராங்க் தயாரித்தவர்கள் குறைவு. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1933இல் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர், சார்ல் மோஷே செய்த இப்படிப்பட்ட ஒரு சாய்வு வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டரைத் தாண்டி, 1914இலிருந்து அசையாமல் நின்ற சாதனையை முறியடித்தார். மறு வருடமே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வகை வண்டியைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவைத்துவிட்டது. பந்தயம் இல்லாத வண்டிக்கு யார் உதிரிப்பாகம் செய்வார்கள்? அதனால் கிடைத்ததைப் போட்டு ஓட்டினார்கள். உங்கள் 170 அப்படி வந்து சேர்ந்ததுதான்.

குட்டைக் கிராங்க் செய்கிற வேலையைக் கணக்காகப் பாருங்கள். 170ஐ எடுத்துவிட்டு 155 போட்டால், பெடலின் தூரப் புள்ளி 15 மி.மீ. உங்கள் பக்கம் வந்துவிடும். அதை ஈடுகட்டப் பூமை 15 மி.மீ. வெளியே தள்ள வேண்டும். இப்போது கால் நீட்டம் பழையபடியே இருக்கிறது. ஆனால் கிட்டப் புள்ளி? கிராங்க் 15, பூம் 15, ஆக 30 மி.மீ. தள்ளிப் போய்விட்டது. உங்கள் உயரத்துக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கில், முழங்கால் அதிகபட்சமாக மடங்குகிற கோணம் 110 டிகிரியிலிருந்து சுமார் 105க்கு இறங்குகிறது. ஐந்து டிகிரிதானா என்று தோன்றும். நிமிடத்துக்கு 80 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4,800 முறை மடங்குகிறது சார். அத்தனை முறையும் அந்த ஐந்து டிகிரி மிச்சம்.

வேகம் குறையாது. ஜிம் மார்ட்டின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 120, 145, 170, 195, 220 மி.மீ. என ஐந்து நீளத்தில் கிராங்க் போட்டு, பழகிய சைக்கிள்காரர்களின் உச்ச சக்தியை அளந்து 2001இல் வெளியிட்டார். மிகக் குட்டையான 120, மிக நீளமான 220 ஆகிய இரண்டிலும்தான் சக்தி குறைந்தது, அதுவும் சொற்பம். 145க்கும் 170க்கும் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. அவை நிமிர்ந்த சைக்கிளில் எடுத்த அளவுகள்தான். ஆனால் நான் பொருத்திய ரிக்கம்பென்டுகளில் குட்டைக் கிராங்க் போட்டுவிட்டு வேகம் போச்சு என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

ஒன்று மட்டும் மாறும். நெம்புகோல் குட்டையாவதால், அதே கியரில் சுமார் 10 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டிவரும். அதை அழுத்திச் சமாளித்தால் இத்தனையும் செய்தது வீண். முன்னால் 42 பல் வளையத்தில் ஓட்டிப் பழகியிருந்தால், அதே அழுத்தத்துக்கு 38 பல் போதும். வளையத்தை மாற்ற விருப்பமில்லை என்றால் பின்னால் ஒரு பல்லோ இரண்டு பல்லோ இலகுவாக மாற்றிக்கொண்டு, கொஞ்சம் வேகமாகச் சுற்றுங்கள். பாதம் போகிற வட்டம் சின்னதாகிவிடுவதால் 90 சுற்று கூட 80 மாதிரித்தான் தெரியும்.

எங்கே கிடைக்கும் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். 155 அல்லது 152 கிராங்க் இணையத்தில் வரவழைக்கலாம். வாங்கும் முன், உங்கள் அச்சு சதுர முனையா, உள்ளே குழலான புது வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஜெர்மன் வண்டி என்பதால் சதுரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கிராங்கோடு பல் வளையம் பொருந்துகிற போல்ட் வட்டமும் ஒத்துப்போக வேண்டும். குழந்தைகள் சைக்கிள் கிராங்கைப் போடலாமே என்று கடைக்காரர் சொன்னால், காட்டர் பின் (ஆப்பு மாதிரியான ஆணி) அடிக்கிற வகையா என்று பாருங்கள். அது உங்கள் அச்சில் உட்காராது.

பழைய கிராங்கிலேயே லேத்தில் புது ஓட்டை போடலாம் என்றும் ஒருவர் சொல்வார். திருச்சியில் லேத்துக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் பெடல் ஓட்டையின் விட்டமே 14 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். 170லிருந்து 155க்கு 15 மி.மீ. தள்ளி இன்னொரு ஓட்டை போட்டால், நடுவே ஒரு மி.மீ. கூட உலோகம் மிஞ்சாது. குறைந்தது 20 மி.மீ. தள்ளி, அதாவது 150க்குத்தான் போட முடியும். கிராங்க் உள்ளே பொள்ளலாக இருந்தால் அதுவும் கூடாது. இடது பக்கத்துக்கு இடமரை வெட்டும் கருவி வேண்டும். இதையெல்லாம் நினைத்தால் புதுசு வாங்குவதே மேல். போல்ட் போட்டுப் பொருத்தி, கிராங்க் நீளத்தைக் குறைக்கிற அடாப்டர்களும் உண்டு. அவை பெடலை வெளிப்பக்கம் தள்ளி, காலை அகட்டிவிடும். முழங்கால் வலிக்காரருக்கு நான் அவற்றைச் சொல்வதில்லை.

பழைய கிராங்கைக் கழற்றுவதற்கு புல்லர் என்ற கருவி வேண்டும். முதலில் மூடி, அடுத்து உள் போல்ட், அப்புறம் புல்லரின் மரையை முழுக்க உள்ளே ஏற்றிவிட்டுத் திருக வேண்டும். அரைகுறையாக ஏற்றித் திருகினால் அலுமினிய மரை நைந்துவிடும். காட்டர் பின் அடித்துப் பழகிய கடைக்காரரின் கை சுத்தியலைத் தேடும். அப்படித் தேடினால் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இப்போது சீட்டுக்கு வருவோம். சீட்டு இறங்க இறங்க, கிராங்க் அச்சு உங்கள் இடுப்பைவிட உயரமாகப் போகிறது. பாதம் மேலே தூக்கிக்கொண்டே இருந்தால் சிலருக்கு விரல் மரத்துப் போகும். உங்களுக்கு ஏற்கெனவே அது இருக்கிறது. ஆகையால் எவ்வளவு குறைவாக இறக்கினால் சமாளிக்கலாமோ, அவ்வளவுதான் இறக்க வேண்டும். முழுப்பாதமும் தரையில் பதியத் தேவையில்லை. ஒரு காலின் முன்பாதம் உறுதியாக ஊன்றினால் போதும்.

சட்டத்தில் கை வைப்பதற்கு முன் ஸ்பாஞ்சைப் பாருங்கள். 5 செ.மீ. கனம் என்றால் 3 செ.மீ. கெட்டி ஸ்பாஞ்சாக மாற்றுங்கள். ஆனால் முதுகுப் பக்க ஸ்பாஞ்சும் மெலிந்தால் நீங்கள் பின்னால் போய்விடுவீர்கள், பூமை அந்த அளவுக்கு உள்ளே இழுக்க வேண்டிவரும். சீட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உயர்த்தி வைத்த ஸ்பேசர்கள் இருந்தால் கழற்றலாம். கீழே செயின் கப்பிக்கும் சக்கரத்துக்கும் இடம் மிஞ்சுகிறதா என்று மட்டும் பாருங்கள். டயர் 47 மி.மீ. அகலமானது என்றால் 40க்கு மாற்றி 7 மி.மீ. இறக்கலாம். 32 போட்டால் 15 மி.மீ. இறங்கும், ஆனால் நம் ரோட்டுக்கு உங்கள் இடுப்பு என்னைத் திட்டும்.

எல்லாவற்றையும்விடச் சாய்வுக் கோணம் முக்கியம். சீட்டை ரொம்பப் படுக்க வைத்திருந்தால் அதன் முன்விளிம்பு தொடைக்கு அடியில் தூக்கிக்கொண்டு நிற்கும். தரைக்குப் போக வேண்டிய காலை அதுவே தடுக்கிறது. ஒரு படி நிமிர்த்தினால் விளிம்பு இறங்கும். உங்கள் கழுத்துக்கும் அதுதான் நல்லது. ரொம்பச் சாய்ந்தால் ரோட்டைப் பார்க்கத் தலையை முன்னால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். நிமிர்த்திய பிறகு பூமை மறுபடி குதிகால் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

சிக்னலில் விழுந்ததற்குச் சீட்டு உயரம் மட்டும் காரணமாக இருக்காது. நிற்பதற்கு முன்பே கியரை இலகுவாக்கிவிடுங்கள். இந்த வண்டியில் எழுந்து நின்று மிதித்துக் கிளம்ப முடியாது. நின்றதும் முதுகைச் சீட்டிலிருந்து எடுத்து, இடுப்பை நாலு விரல் முன்னால் நகர்த்தி ஒரு காலை ஊன்றுங்கள். இன்னொரு கால், உச்சியைத் தாண்டி நிற்கிற பெடலில் தயாராக இருக்கட்டும். விடியற்காலையில் காலி மைதானம் எதிலாவது இருபது முறை நின்று கிளம்பிப் பழகினால் சீட்டை இறக்கவே வேண்டியிராமல் போகலாம்.

விரல் மரப்புக்கு: ஷூ கயிற்றைத் தளர்த்துங்கள். பெடல் அச்சு விரல்களுக்குக் கீழே இல்லாமல் முன்பாத மூட்டுக்குச் சற்றுப் பின்னால் வருகிற மாதிரி பாதத்தை முன்னால் தள்ளி வையுங்கள். 1 செ.மீ. தள்ளினால் பூமிலும் கிட்டத்தட்ட அந்த அளவு மாறும் என்பதை மறக்க வேண்டாம். இதிலும் குட்டைக் கிராங்க் உதவும், பெடல் உச்சிக்கு ஏறும் உயரம் குறைவதால்.

முழங்கால் வீங்கினாலோ, பாதியில் பூட்டிக்கொண்டாலோ, ராத்திரி படுத்திருக்கும்போது வலித்தாலோ, ஸ்பேனரை வைத்துவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அது பூம் விஷயம் இல்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பூம், கிராங்க், சீட்டு மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றினால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று எனக்கும் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் மில்லிமீட்டரில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வங்கிக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. முக்கொம்பு இப்போதைக்கு வேண்டாம். எட்டு கிலோமீட்டர் போய் வந்து, மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கிப் பாருங்கள்.